புளி போட்டுத் துலக்கிய கெல்பர்ன்

கார்மேகம் டிரைவிங் டெஸ்டில் ஆறு முறை ஃபெயில் ஆனவர். ஏழாவது முறை அவர் போகவே இல்லை. "இன்னொரு தரம் போனா அந்த இன்ஸ்பெக்டர் என்னைச் சொந்தக்காரன்னு நெனச்சு வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டுருவாரு" என்று தானே சொல்லிச் சிரித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் கையில் முப்பத்தோரு கார்கள். அல் ஐனில் அவருடைய அர்பாப், அதாவது முதலாளி, பெரிய கொட்டகை கட்டி, அதற்கு ஏசியும் போட்டு நிறுத்தி வைத்திருக்கிற பழைய கார்கள். அறுபது வயது, எண்பது வயது, நூறு வயதுக் கார்கள். ஏசி இல்லாத சைட்டில் மூன்று கோடை வெந்த கார்மேகத்துக்கு, கார்களுக்கு வாய்த்த வாழ்வைப் பார்த்து ஆரம்பத்தில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. அந்த முப்பத்தொன்றில் ஒன்றைக்கூட ஓரடி முன்னால் நகர்த்த அவருக்கு உரிமை கிடையாது. துடைக்கலாம்.

பரமக்குடிக்குப் பக்கத்தில் அவர் ஊரில் விசாரித்தால் 'துபாயில கார் கம்பெனி மேனேஜர்' என்பார்கள். அல் ஐன் துபாய் இல்லை, அது கம்பெனியும் இல்லை, அவர் மேனேஜரும் இல்லை. அந்த வதந்தியை முதலில் கிளப்பியது யார் என்று தேடிக்கொண்டு போனால் கார்மேகத்தின் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

துடைப்பது மட்டும் அவருக்கு ரத்தத்திலேயே ஊறியது. ஊறியது கொஞ்சம் அதிகம். முதன்முதலில் தம்மாமுக்கு ஆபீஸ் பாய் வேலைக்குப் போனவர், ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் இன்ஜினீயர் அறையில் இருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தார். ஒரே கிறுக்கல். சுத்தமான ஆபீஸில் இது என்ன அசிங்கம் என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுப் பெருமையோடு ரூமுக்குப் போனார். அது மூன்று வாரமாக ஆறு பேர் உட்கார்ந்து போட்ட வேலைத் திட்டம். சனிக்கிழமை காலையில் கார்மேகம் ஆபீஸ் பாயாக இல்லை, சைட்டில் செங்கல் சுமந்துகொண்டிருந்தார். "நான் கைய வச்சா விளங்காதுன்னு சொல்லுவாக. என் விசயத்துல அது நெசம். எதுல கைய வச்சாலும் அது பளபளன்னு ஆகித்தான் விளங்காமப் போகும்" என்பார்.

இந்த வருஷம் ஜனவரியில் இரண்டு மாத லீவு முடிந்து அவர் ஊரிலிருந்து திரும்பியபோது மூன்று சங்கதிகள் காத்திருந்தன. ஒன்று, மாதக் கடைசியில் விசா முடிகிறது. அதைப் புதுப்பிப்பதும் 'கலாஸ், முடிந்தது, ஊருக்குப் போ' என்பதும் அர்பாபின் கையில். இரண்டாவது அவர் கூடவே கொண்டுவந்தது: மகள் அருணா நர்சிங் படிப்பில் சேர்ந்து பாதி முடித்துவிட்டாள், இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. இந்த இரண்டு வருஷம் வேலை நின்றால் அவள் படிப்பும் நின்றுவிடும் என்பது அவருக்கும் தெரியும், மனைவி பானுமதிக்கும் தெரியும். "இந்த ஒரு தரம் மட்டும் புதுப்பிச்சுட்டு வந்துருங்க. அப்பறம் போதும்" என்று சொல்லித்தான் அவள் அனுப்பியிருந்தாள். மூன்றாவது சங்கதி கொட்டகையின் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

அது முப்பத்திரண்டாவது கார். அவர் லீவில் இருந்தபோது கப்பலில் வந்தது. மேலே மூடி இல்லாத பெரிய வண்டி. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் சோபாவில் உட்காருவதுபோல உட்கார்ந்து ஊர் சுற்றலாம். மழை வந்தால் இழுத்துவிட மடக்கு கித்தான் கூரை. சக்கரத்துக்கு மரத்தில் ஆரக்கால்கள். பித்தளையில் ஐந்து விளக்கு, முகப்பில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, வாலில் ஒன்று. பித்தளை ஹாரன். ரேடியேட்டரின் சட்டமும் பித்தளை. எல்லாம் கறுத்துப் பாசி பிடித்துக் கிடந்தது. பெயின்ட் வெளிறியிருந்தது, தோல் சீட்டில் வெடிப்பு. மற்ற முப்பத்தொன்றும் கல்யாணத்துக்கு நிற்கிற மாதிரி மினுங்க, இது மட்டும் இப்படி நிற்பதைப் பார்த்ததும் கார்மேகத்துக்கு உள்ளங்கை அரித்தது.

மெக்கானிக் துஷாந்தன் யாழ்ப்பாணத்துப் பையன், முப்பது வயது. வண்டிகளின் வரலாற்றை போனில் தேடித் தேடிப் படிக்கிறவன். வியாழக்கிழமை காலையில் டீ குடித்துக்கொண்டே புதிய வண்டியின் கதையைச் சொன்னான்.

"அண்ணை, உது லேசுப்பட்ட வண்டி இல்லை. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டுக் கார். பேர் கெல்பர்ன். அமெரிக்காவில அடுப்புச் செய்து வித்துக்கொண்டிருந்த எல்மர் கெல்பர்ன் எண்ட மனுசன் திடீரெண்டு கார் செய்ய வெளிக்கிட்டவர். மூண்டே மூண்டு வருசம். இருநூற்றுப் பன்னிரண்டு கார். அதோட கம்பெனி படுத்திட்டுது."

"ஏன் படுத்துச்சு?"

"மற்றக் கம்பெனிக்காரர் பட்டனை அமத்தினா ஸ்டார்ட் ஆகிற மாதிரிக் காரை விட்டினம். இந்தாள் மட்டும், கையால சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ண வேணும், அதுதான் உடம்புக்கு நல்லது எண்டு நிண்டவர். இன்னொரு பகிடி தெரியுமோ? அந்தாளுக்குக் கார் ஓடவே தெரியாது. செய்த முதல் காரைக் கொண்டுபோய்த் தன்ர ஃபாக்டரிக் கேற்றிலயே இடிச்சவர்."

கார்மேகம் டீயைக் கீழே வைத்துவிட்டார். காரே செய்தவனுக்குக் கார் ஓட்டத் தெரியவில்லை! ஆறு தடவை ஃபெயில் ஆனவருக்கு இதைவிட ஆறுதலான வரலாறு வேறென்ன இருக்க முடியும்? அந்த நிமிஷத்திலிருந்து எல்மர் கெல்பர்ன் அவருக்குப் பங்காளி முறை ஆகிவிட்டார்.

கதையை முழுக்கச் சொன்ன துஷாந்தன் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்துவிட்டான்.

அன்று மத்தியானம் ஆபீஸ் பார்க்கும் வெங்கட்ராமன் வந்தார். கும்பகோணத்துக்காரர், கணக்கும் கடுதாசியும் அவர் பொறுப்பு. "கார்மேகம், திங்கக்கிழமை காலைல அமெரிக்காக்காரம்மா ஒருத்தங்க வராங்க. அடுத்த மாசம் துபாய்ல நடக்கப்போற பழைய கார் போட்டிக்கு அவங்கதான் நடுவர். இந்த கெல்பர்னைச் சேர்த்துக்கலாமான்னு பார்க்க வராங்க. அர்பாபுக்கு இந்த வண்டின்னா உசுரு. எல்லாத்தையும் ரெடி பண்ணி வச்சுடு" என்றார்.

வெங்கட்ராமன் 'எல்லாத்தையும்' என்றது தரையைக் கழுவுவது, நாற்காலி போடுவது, டீக் கோப்பை எடுத்து வைப்பது. வண்டியைத் தொடக் கூடாது என்பதைத் துஷாந்தன் சொல்லியிருப்பான் என்று அவர் நினைத்தார். அவர் சொல்லியிருப்பார் என்று துஷாந்தன் நினைத்தான். வண்டிக்கு முன்னால் 'தொடாதே' என்று அரபியிலும் இங்கிலீஷிலும் ஒரு பலகை இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பலகை எல்லா வண்டிக்கு முன்னாலும் உண்டு. அது வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு. துடைக்கிறவனையே தொடாதே என்றால் அவன் எப்படித் துடைப்பான்?

வெள்ளிக்கிழமை காலையில் பாட்டில் பாலிஷை எடுத்து முகப்பு விளக்கில் ஓரமாக ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தார். அசையவில்லை. நூறு வருஷத்துக் கறுப்பு. வீடியோ காலில் பானுமதியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஏங்க, யாரு வீட்டுல பித்தளைய இப்புடிப் போட்டு வச்சிருந்தாக? பாக்கவே வயித்தெரிச்சலா இருக்கு" என்றாள் அவள். "பாட்டிலு மருந்துக்கெல்லாம் இது அசையுமா? புளியக் கரைச்சு, கல்லுப்பப் போட்டுத் தேய்ங்க. நான் குடுத்துவிட்ட புளி மூணு கிலோ இருக்குல்ல?"

"அத மெஸ்ல குடுத்துட்டேன். வாங்கிக்கிறேன். இப்பவே ஆரம்பிச்சுரவா?"

"ஐயய்ய, இன்னைக்கு வெள்ளிக்கிழமை! வெள்ளிக்கிழமை வெளக்குத் தேய்ச்சா மகாலச்சுமி போயிருவா."

"இது வெளக்கு இல்லடி. காரு."

"அஞ்சு வெளக்கு இருக்குங்கிறீக, அப்பறம் என்ன காரு? நாளைக்குத் தேய்ங்க."

அவள் பேச்சைத் தட்டாமல் கார்மேகம் அன்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அன்று மட்டும் ஆரம்பித்திருந்தால், கொட்டகையின் மறுகோடியில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த துஷாந்தன் புளி வாசனைக்கே எழுந்து வந்து தடுத்திருப்பான். மத்தியானத்துக்கு மேல் அவன் புஜைராவுக்குக் கிளம்பிவிட்டான். அங்கே அர்பாபின் தம்பி வீட்டில் ஒரு வண்டி மக்கர் செய்ததாம், திரும்ப ஞாயிற்றுக்கிழமை ஆகும். மகாலட்சுமியை நிறுத்தி வைக்கப் போய் மெக்கானிக்கை அனுப்பிவைத்த கதையாயிற்று.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தார். தேங்காய் நார் கீறிவிடும் என்று தன்னுடைய பழைய பனியன்கள் மூன்றைக் கிழித்துக்கொண்டார். புளிக் கரைசலில் நனைத்து, உப்பைத் தொட்டு, வட்டமாக, அழுத்தாமல், அவசரப்படாமல் தேய்த்தார். முதல் விளக்கில் நெல் அளவுக்கு மஞ்சள் எட்டிப்பார்த்தபோது அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. மத்தியானத்துக்குள் முகப்பு விளக்கு இரண்டும் முடிந்தன. அப்புறம் பக்க விளக்குகள், ஹாரன், ரேடியேட்டர் சட்டம். சாயந்திரம் ஐந்து மணிக்கு வால் விளக்குக்கு வந்தபோது புளி தீர்ந்துவிட்டது. மெஸ்ஸுக்கு ஓடினார்.

சமையல்காரர் முகம்மது சித்தீக் கடைசி உருண்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "குடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டீங்க. இதையும் காருக்குக் குடுத்துட்டா நாளைக்கு ரசம் எதுல வைக்கிறது? உங்க காரைக் கரைச்சா?"

"ஒரே ஒரு வெளக்கு பாய்."

"மாஃபி, கிடையாது. இருவத்தி ரெண்டு பேரு சாப்பாடு."

பின்னால் இருக்கிற விளக்கை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று கார்மேகம் மனதைத் தேற்றிக்கொண்டார். துலக்கிய விளக்குக்குப் பொட்டு வைக்காமல் விடுவது வழக்கமில்லை. நான்கு விளக்குக்கும் ஹாரனுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போய் நிம்மதியாகத் தூங்கினார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக எந்த வேலையும் செய்ததில்லை, தம்மாம் வெள்ளைப் பலகையைத் தவிர.

ஞாயிறு காலையில் துஷாந்தன் வந்தான். கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஐயோ கடவுளே! அண்ணை, என்ன வேலை பார்த்து வச்சிருக்கிறியள்?"

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார் கார்மேகம்.

துஷாந்தன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இந்தப் போட்டியே கை படாத வண்டிக்குத்தான் அண்ணை. நூற்றுச் சொச்ச வருசமா ஆரும் பெயின்ட் அடிக்காமல், பாலிஷ் போடாமல், செய்த நாளில இருந்து அப்பிடியே இருக்கிற வண்டி. அதுக்காகத்தான் அர்பாப் தேடித் தேடி வாங்கினவர். உலகத்தில மிஞ்சின கெல்பர்ன் மூண்டுதான். மற்ற ரெண்டையும் புதுசாக்கிப் போட்டாங்கள். அழுக்கோட இருந்தது இது ஒண்டுதான். அந்த அழுக்குக்குத்தான் அண்ணை விலை!"

கார்மேகத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவரும் துஷாந்தன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிழைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை அழுக்கை எடுப்பது. அந்த வித்தையை எடுத்துக்கொண்டு கடல் தாண்டி வந்து, அழுக்குக்குப் பரிசு கொடுக்கிற ஒரே இடத்தைத் தேடிப்பிடித்துத் தேய்த்திருக்கிறார். இதற்கு ஏழாவது தடவையும் டெஸ்டுக்குப் போயிருக்கலாம் என்று தோன்றியது. அருணாவின் முகம் கண் முன்னால் வந்தது, வெள்ளைச் சீருடை போட்டு அவள் அனுப்பியிருந்த போட்டோவில் இருந்த முகம்.

வெங்கட்ராமன் ஓடிவந்தார். "நீ சொல்லலையாடா?" என்றார் துஷாந்தனிடம். "நீங்கள் சொல்லேல்லையோ?" என்றான் அவன். தப்பில் ஆளுக்கு ஒரு பங்கு இருந்ததால் மூன்று பேரும் ஒரே கட்சி ஆனார்கள்.

மறுபடி கறுக்க வைக்க முடியுமா? துஷாந்தன் போனில் தேடினான். அவித்த முட்டையோடு சேர்த்துக் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் பித்தளை கறுக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நேற்றுப் புளியைப் பறிகொடுத்த சித்தீக் இன்று ஒரு தட்டு முட்டையையும் பறிகொடுத்தார். முப்பது முட்டையை அவித்து உடைத்து, ஒரு பக்க விளக்கைச் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்று பேரும் நான்கு மணி நேரம் காவல் இருந்தார்கள். அவிழ்த்தபோது விளக்கு கறுத்திருக்கவில்லை, தேமல் விழுந்த முகமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. கொட்டகை முழுக்க நாற்றம். "இதோட விட்டிடுவம்" என்றான் துஷாந்தன்.

அப்போதுதான் வெங்கட்ராமன் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார். கார்மேகம் லீவில் போயிருந்த இரண்டு மாதமும் துடைத்துக்கொண்டிருந்தவர் கலீலுர் ரஹ்மான் என்ற வங்காளி. அவர் சனிக்கிழமைதான் ஊருக்கு லீவில் போயிருந்தார். "அவன் பேரைச் சொல்லிடு. போறதுக்கு முன்னாடி துடைச்சுட்டுப் போயிட்டான்னு சொல்லு. அவன் திரும்பி வர்றதுக்குள்ள அர்பாபுக்கு ஆறிடும். உனக்கு இந்த மாசம் விசா, மறந்துடாதே."

கார்மேகம் மறுக்கவில்லை. மறுத்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கும் ஆசைதான், ஆனால் மறுக்கவில்லை. இரண்டு வருஷம் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. ரூமுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று 'கலீலுர் ரஹ்மான் கியா, அர்பாப்', அதாவது அவன்தான் செய்தான் என்று, ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தார். முகம் பாவமாக வந்தது. நடிப்பில் நான் பாஸ் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நடுவரம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைக் கையுறை, சின்ன டார்ச், பூதக் கண்ணாடி, தோளில் ஒரு பை. பக்கத்தில் வெள்ளைக் கந்தூரா அங்கியில் அர்பாப். வண்டியைப் பார்த்ததும் அர்பாபின் நடை நின்றுவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. நடுவரம்மா மட்டும் நிற்காமல் போய் முகப்பு விளக்கின் முன் குனிந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். கையுறையைக் கழற்றி விரலால் தடவினார். தேமல் விழுந்த விளக்கை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். ஹாரனில் ஒட்டியிருந்த குங்குமத்தைக் காட்டி, இதுவும் கம்பெனி போட்டதா என்று கேட்டார். பொட்டை அழிக்க மறந்துபோனது கார்மேகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கிஸ்னே கியா?" என்றார் அர்பாப். யார் செய்தது என்று அவர் கேட்டது மெதுவாகத்தான்.

கார்மேகம் பாவமான முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் நடுவரம்மா இங்கிலீஷில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வெங்கட்ராமன் கார்மேகத்தின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்: "முப்பது வருஷமா இந்த வேலைல இருக்காங்களாம். பித்தளைல இப்படி ஒரு கைவேலையப் பார்த்ததே இல்லையாம். ஒரு கீறல் இல்லையாம். இதைச் செஞ்சது யாரா இருந்தாலும் அவன் கைல ஏதோ இருக்காம்..."

பழியை விட்டுக்கொடுக்கலாம். பேரை விட்டுக்கொடுக்க முடியுமா? பத்து மணி நேரம் முதுகு ஒடியத் தேய்த்தது யார், பேர் தட்டிக்கொண்டு போவது யார்?

"ஹம் கியா, அர்பாப்!" என்று கத்திவிட்டார் கார்மேகம். நெஞ்சில் வேறு அடித்துக்கொண்டார். "ஹம்! கார்மேகம்!"

"இருய்யா, இன்னும் முடிக்கலை, அடுத்து 'ஆனா'ன்னு சொல்றாங்க" என்றார் வெங்கட்ராமன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வந்தது இதுதான்: இவ்வளவு அருமையாகத் துலக்கப்பட்ட வண்டியைக் கை படாத வண்டிகளோடு சேர்க்க முடியாது. நடுவரம்மா பின்னால் போய்க் குனிந்தார். புளி போதாமல் தப்பித்த வால் விளக்கு, கறுத்துப்போய் அப்படியே இருந்தது. அதைப் பார்த்து நீளமாக மூச்சு விட்டார். எல்லாம் இதுபோல இருந்திருந்தால் பரிசு இதற்குத்தான் என்று அவர் சொன்னதை வெங்கட்ராமன் மொழிபெயர்க்கவில்லை. கார்மேகத்துக்கு அந்தப் பெருமூச்சே போதுமாயிருந்தது.

அவர் உண்மையில் வெட்கப்பட்டார். மனது வைத்து உண்மையைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் தலையாவது நிமிர்ந்திருக்கும். இப்படிப் புகழுக்கு ஆசைப்பட்டு உண்மையைச் சொன்னவனுக்கு என்ன மரியாதை? தன் பெயர் அன்று எங்கே வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது என்று தெரியாமல், கலீலுர் ரஹ்மான் தன் ஊரில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்.

அர்பாப் வண்டியின் முன்னாலேயே நின்றார். "எதைப் போட்டுத் தேய்த்தாய்?" என்று இந்தியில் கேட்டார். கார்மேகத்துக்குப் புளிக்கு இந்தியில் என்ன பெயர் என்று வரவில்லை. வெங்கட்ராமன்தான் அரபியிலேயே எடுத்துக் கொடுத்தார்: "தமர் ஹிந்தி."

"தமர் ஹிந்தி?" அர்பாபின் புருவம் ஏறியது. "அதை நாங்கள் நோன்பு திறக்கும்போது குடிப்போம். நீ காருக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டாயா?"

யாரும் சிரிக்கவில்லை. நடுவரம்மா பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கெல்பர்ன் கம்பெனி அந்தக் காலத்தில் போட்ட விளம்பரத்தின் நகல். எல்மர் கெல்பர்ன் தன் அடுப்பு ஃபாக்டரியில் பாலிஷ் போடும் ஆட்களையே கார் பித்தளைக்கும் வைத்திருந்தாராம். ஒவ்வொரு காருக்கும் ஏழு தடவை பாலிஷ். கார் கேட்டவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து அலுத்துப்போய் வேறு கம்பெனிக்குப் போனார்கள், அவர் மட்டும் ஆறாவது பாலிஷோடு ஒரு காரையும் வெளியே விடவில்லை. கம்பெனி படுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாம். 'எங்கள் விளக்கில் உங்கள் முகத்தைப் பாருங்கள்' என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தது. "அந்தக் கெல்பர்ன் பார்த்த கெல்பர்னை இன்று உயிரோடு இருக்கிற யாரும் பார்த்ததில்லை. நான் இன்றைக்குப் பார்த்துவிட்டேன். பரிசு கிடையாது. ஆனால் நன்றி" என்று சொல்லிவிட்டு அவர் டீகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

தேய்த்துத் தேய்த்தே கெட்டவன் உலகத்தில் தான் ஒருவன் மட்டும் இல்லை என்று தெரிந்ததில் கார்மேகத்துக்கு அந்த நேரத்திலும் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. பங்காளி பங்காளிதான்.

அர்பாப் குனிந்து முகப்பு விளக்கில் பார்த்தார். தாடி, தலைத்துணி, பின்னால் கைகட்டி நிற்கும் கார்மேகம், எல்லாம் வளைந்து தெரிந்திருக்கும். ரொம்ப நேரம் பார்த்தார். அதை வால் விளக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்போலப் பின்னாலும் போய் வந்தார். கடைசியில் துஷாந்தனைப் பார்த்து, "இது பழையபடி கறுக்க எத்தனை வருஷம்?" என்றார்.

"நூறு வருசம் ஆகும், அர்பாப்."

அர்பாப் கார்மேகத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டாயா? நூறு வருஷம். அது கறுக்கும் வரைக்கும் நீ இங்கேயேதான் இருக்க வேண்டும். இந்த வண்டியைத் தொடக் கூடாது. வருகிறவர்களுக்கு முன் விளக்கையும் காட்டு, பின் விளக்கையும் காட்டு. என்ன செய்தாய் என்று உன் வாயாலேயே சொல்லு. எல்லாரிடமும் சொல்லு. கலாஸ்."

வாசல் வரை போனவர் திரும்பி, "வெங்கட், இவன் விசா பேப்பரைக் கொண்டு வா" என்றார். அப்போதுதான் அவருடைய தோள் குலுங்கியதை மூன்று பேரும் பார்த்தார்கள். சிரிப்புதான்.

அன்றிலிருந்து கார்மேகத்துக்குப் புது வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்கள், டூரிஸ்டுகள் வருகிறார்கள். அவர் கெல்பர்ன் முன்னால் நின்று, தெரிந்த நாலு வார்த்தை இந்தியிலும் இங்கிலீஷிலும், 'திஸ் லேம்ப் ஹண்ட்ரட் இயர். திஸ் லேம்ப் மீ' என்று காட்டுகிறார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மேனேஜர் என்று ஊரில் சொன்ன பொய்க்கு இது கிட்டத்தட்டப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தத் திங்கட்கிழமை விசா பேப்பரில் கையெழுத்து விழுந்ததும் அவர் முதலில் பானுமதியைத்தான் கூப்பிட்டார். முட்டை நாற்றம் முதல் நெஞ்சில் அடித்துக்கொண்டது வரை நடித்துக் காட்டிச் சொன்னார். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கடைசியில், "அர்பாப் என்ன சொல்லிட்டாரு தெரியுமா? அது கறுக்கிற வரைக்கும் நான் இங்கயே கெடக்கணுமாம். நூறு வருசம்!" என்றார்.

சிரிப்பு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. நெட் போய்விட்டதோ என்று கார்மேகம் போனைத் தட்டினார். நெட் இருந்தது. அவள்தான் பேசாமல் இருந்தாள். வெளிநாட்டுக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் அவளோடு அவர் இருந்த மாதங்களை எண்ணினால் மூன்று வருஷம் தேறாது என்பதை இருவருமே ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. விளையாட்டுக்குக்கூட அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"ஏங்க" என்றாள் கடைசியில். "அந்த அமெரிக்காக்காரம்மாவுக்கும் ஒண்ணும் தெரியல, ஒங்க அர்பாபுக்கும் தெரியல. பாட்டிலு மருந்து போட்டாத்தான் மாசக்கணக்குல நிக்கும். புளி போட்டுத் தேய்ச்ச பித்தளை எத்தன நாளைக்குப் பளபளன்னு இருக்கும்? நம்ம வீட்டு வெளக்க நான் வாரா வாரம் தேய்க்கிறேனே, எதுக்கு? மூணாம் நாளே மங்க ஆரம்பிச்சுரும். நூறு வருசமெல்லாம் ஆகாது. ரெண்டு வருசம் போதும். கறுத்ததும் கெளம்பி வந்துருங்க."

புதன்கிழமை காலையில் கொட்டகையைத் திறந்ததும் கார்மேகம் நேராகக் கெல்பர்ன் பக்கம் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முகப்பு விளக்கின் விளிம்பில், திருகாணிக்குப் பக்கத்தில், விரல் நக அளவுக்குப் பழுப்பு ஏறியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். துஷாந்தன் இன்னும் வரவில்லை. தோளில் கிடந்த துணியை எடுத்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.